பனி நாளில் ஏறும் சூடு

திரையின் வலது ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டம், அதற்குள் ஓர் எண். அது பச்சையாக இருக்கும்வரை அருக்காணி நிம்மதியாக மூச்சு விடலாம். அறுபத்தைந்தைத் தாண்டிச் சிவந்துவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சூட்டை அளந்து காட்டுகிற புரோகிராம் அது. சேலத்திலிருந்து ரிப்பேர் பார்க்க வரும் பொன்னுவேல் ஒரு பிளாப்பியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். சூடு எல்லை மீறினால் மெஷின் கருகிப்போகாமல் இருக்க, அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். வேகம் குறைந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன ஏற்பாடு என்பதை மட்டும் அதை எழுதிய புண்ணியவான் யோசிக்கவில்லை.

மலைமேல் நாகலூரைத் தாண்டி உள்ளே இருந்தது அந்தக் காப்பி எஸ்டேட். யார் யார் எவ்வளவு பழம் பறித்தார்கள் என்ற எடைக் கணக்கை ஏற்றுவதும், சனிக்கிழமை கூலிச் சீட்டு அடிப்பதும் அருக்காணியின் வேலை. மெஷின் நன்றாக இருந்தால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சீட்டு தயாராகிவிடும். எண் சிவந்த நாட்களில் இருட்டும் நேரத்துக்குத்தான் பிரிண்டர் கரகரக்கத் தொடங்கும். தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் நிற்கும் பெண்கள் ஜன்னல் வழியே அவளைப் பார்ப்பார்கள். அவளுடைய அம்மா மருதாயியும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பாள். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலாவது பரவாயில்லை என்று அருக்காணிக்குத் தோன்றும்.

பத்தாவது முடித்த கையோடு பழம் பறிக்கப் போனவள் அவள். சரிவில் காலை ஊன்றி நின்று நின்று முழங்கால் இரண்டும் முப்பது வயதுக்குள் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. பழம் இல்லாத மாதங்களில் தினமும் மலை இறங்கிச் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தாள். கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் பிறந்தவர்களில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"இந்த மலை இதுக்கு ஒத்து வராது போல இருக்குது" என்று முதலாளி போன சனிக்கிழமை சொல்லிவிட்டார். "இந்த மாசத்தோட மெஷினைச் சேலம் ஆபீசுக்கே அனுப்பிச்சிடலாம்னு இருக்கேன். நீ பழையபடி காட்டுக்குப் பழம் பறிக்கப் போயிக்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியை ஓரம் தள்ளிப் போடச் சொல்வது போலச் சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போனார்.

இதில் அருக்காணிக்கு விளங்காத ஒரு விஷயம் இருந்தது. வெயில் அடிக்கிற நாளில் அந்த எண் ஐம்பதைத் தொடாது. மூடுபனி இறங்கி, பக்கத்துச் சில்வர் ஓக் மரமே தெரியாமல் போய், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொள்கிற நாளில்தான் எழுபதை நோக்கி ஏறும். இதைப் பொன்னுவேலிடம் சொன்னபோது அவன் வாய்விட்டே சிரித்தான்.

"குளுருல எப்படிங்க மேடம் சூடேறும்? சேலத்து வெயில்லயே இந்த மாடல் ஜம்முனு ஓடுதுங்க."

"நான் பார்த்ததைத்தானுங்க சொல்றேன்."

"தூசிதானுங்க காரணம். ஃபேனைத் துடைச்சாச் சரியாப் போயிருமுங்க."

அவன் ஒவ்வொரு தடவையும் ஃபேனைத் துடைத்துவிட்டுத்தான் போனான். அவன் வருவது மத்தியான பஸ்ஸில். அதற்குள் பனி விலகியிருக்கும். சேலத்து ஆள் தரையில் குந்தி வேலை பார்க்கக் கூடாது என்று அட்டெண்டர் சித்தன் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, மேஜைமேல் தயாராக வைத்துவிடுவார். சாமியை அலங்கரித்து வைப்பது போல ஒரு மரியாதை. மேஜைமேல் இருக்கும்போது மெஷினும் நல்ல பிள்ளையாக நாற்பத்தைந்தைக் காட்டும்.

பெட்டி என்பது எஸ்டேட் ஆசாரி செய்துகொடுத்த மரப்பெட்டி. மேலே திரை, கீழ்த் தட்டில் மெஷின். பனி புகாமல் இருக்கக் கீழ்த் தட்டுக்குக் கதவு உண்டு.

அந்த வாரத்தில் ஒரு நாள் விடியும்போதே பனி அப்பிக்கொண்டது. அருக்காணி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எண் சிவந்தது. ஒரு பெயரை அடித்துவிட்டு, அது திரையில் வரும்வரை கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள். அலுத்துக்கொள்ளவும் அலுப்பாக இருந்தது. அப்போது சித்தன் கீழ்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பல்பு பீசாயிருச்சு கண்ணு. கடைக்குப் போயி ஒண்ணு வாங்கியாந்தர்றேன்."

"சரீங்ணா."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். டீ குடித்தாரோ பழமை பேசினாரோ, நிதானமாகத்தான் திரும்பினார். அதற்குள் எண் இறங்கி, பச்சையாகி, ஐம்பதுக்கும் கீழே போய் நின்றது. வெளியே பனி அப்படியே இருந்தது. அருக்காணி படபடவென்று அடித்துத் தள்ளினாள். சித்தன் வந்து புது பல்பை மாட்டி, கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் எண் மறுபடி ஏறத் தொடங்கியது.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எழுந்துபோய், முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து, கதவைத் திறந்தாள். மெஷினின் முதுகை ஒட்டி நூறு வாட்ஸ் பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

பல்பு இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த விஷயம் என்பதால்தான் கண்ணில் படவில்லை. அந்த மலையில் பல்பு எரியாத அலமாரி ஏது? எரியவிடாவிட்டால் துணியிலும் செருப்பிலும் கல்யாண போட்டோவிலும் பூசணம் பூத்துவிடும். முதலாளி பங்களாவில் யாரும் வாசிக்காத பியானோவுக்குள்கூட ஒரு பல்பு எரிகிறது. கம்ப்யூட்டர் வந்த அன்று, பியானோவுக்கு இருப்பது போல இதற்கும் ஒன்று போடச் சொன்னவரே முதலாளிதான். பனி இறங்கினால் சித்தன் போடுவார், விலகினால் அணைப்பார். பொன்னுவேலிடம் அதை யாரும் சொல்லவில்லை. அடுப்பில் நெருப்பு இருக்கிறது என்று யாராவது விருந்தாளியிடம் சொல்வார்களா?

மறுநாள் முதலாளி வந்தபோது அருக்காணி எழுந்து நின்று பல்பு விஷயத்தைச் சொன்னாள். அவர் போடச் சொன்ன பல்பு என்பதை மட்டும் பக்குவமாக விட்டுவிட்டாள்.

"நான் வேலை செய்யறப்ப அணைச்சு வெச்சுக்கறனுங்க. ராத்திரிக்கு எரியட்டுங்க. அப்பப் பூசணமும் புடிக்காதுங்க."

அவர் எண்ணைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். "அந்தச் சேலத்துக்காரனுக்கு இது தெரியலையே" என்றார். மெஷின் மலையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அருக்காணி நன்றாகத் தூங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை காலை டீக்கு முன்பே கூலிச் சீட்டு முடிந்தது. வெளியே நின்ற பெண்கள் முதல்முறையாக ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்கள். மற்ற நாட்களிலும் சோற்று வேளைக்குள் கணக்கு ஏறிவிடும். மத்தியானத்தில் அருக்காணி காலை நீட்டி உட்கார்ந்து பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மா இருப்பது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோது முதலாளி உள்ளே வந்தார்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க" என்றாள் பெருமையாக.

"தினமும் இந்நேரத்துக்கே முடிஞ்சிருதா?"

"ஆமாங்க. இப்ப நொம்ப வேகமுங்க."

"நல்லதாப் போச்சு. பழம் பறிக்க ஆளில்லாம உதிர்ந்து கிடக்குது. நாளையிலிருந்து மத்தியானத்துக்கு மேல நீ காட்டுக்குப் போயிரு. இங்க அரை நாள் போதும்."

சரீங்க என்று அருக்காணியின் தலை ஆடியது.

மறுநாள் மத்தியானம் கோணிச்சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். செடிகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. "கம்ப்யூட்டர் அக்கா வந்துட்டாங்க, வழி உடுங்க" என்று ஒருத்தி கேலி செய்தாள். மருதாயி மட்டும் சிரிக்கவில்லை. மகளின் பாதத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். சாயங்காலம் மேட்டில் ஏறும்போது அருக்காணி ஒவ்வொரு செடியாகப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். தன் கையாலேயே தன் நாற்காலியில் பாதியை வெட்டிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது ஆத்திரம்கூட வரவில்லை. அசதிதான் வந்தது.

அடுத்த நாள் காலை ஆபீசுக்கு வந்தபோது கதவுக்கு வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனி. சித்தன் பழக்கத்தில் பல்பு சுவிட்சில் கையை வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இப்பப் போடக் கூடாதில்ல கண்ணு? மறந்தே போச்சு."

அருக்காணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். வேகம் ரொம்பக் குறைந்தால் மெஷின் சேலத்துக்குப் போகும், அவள் காட்டுக்குப் போவாள். ரொம்பக் கூடினாலும் காடுதான். நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

"போடுங்ணா" என்றாள்.

சித்தன் அவளைப் பார்த்தார். முந்தின நாள் அட்டை கடித்து வீங்கியிருந்த அவளுடைய பாதத்தையும் பார்த்தார்.

"எவ்வளவு நேரத்துக்கு எரியட்டும் கண்ணு?"

"நாலு மணி வரைக்கும் எரியட்டுங்ணா. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், பொம்பளைங்க மழையில நிக்கறாங்க."

அவர் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கீழ்க் கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தபோது பாதிக் கணக்கு பாக்கி இருந்தது.

"என்ன, இன்னும் முடியலையா?"

"பனிங்க" என்றாள் அருக்காணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முன்பெல்லாம் இதையே சொன்னபோது நம்பாதவர்கள் உண்டு. முதலாளி மூடியிருந்த கீழ்க் கதவைக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, "ஆமா, கடுமையாத்தான் இருக்குது" என்று சொல்லிப் போய்விட்டார். அருக்காணி அடுத்த பெயரை அடித்தாள். அது திரைக்கு வரும்வரை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.