கேதீஸ்வரியோடு போட்டிக்கு ஆளில்லை

கேதீஸ்வரி ஏலம் கேட்கத் தொடங்கினால், காங்கேசன்துறைப் பக்கத்து அந்தச் சின்னக் கரையில் மற்ற வியாபாரிகள் வாயை மூடிக்கொள்வார்கள். அது தன் வாய்ச் சாமர்த்தியம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நினைப்பதோடு விட்டாளா? போகிற வருகிற இடமெல்லாம் சொல்லியும் திரிந்தாள். புருசன் கடலோடு போன பிறகு மீன் வாங்கி விற்றே மகள் நிவேதனாவைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தவள். பெருமை இல்லாமல் எப்படி இருக்கும்?

அந்த மகள் இப்போது வணிக முகாமைத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். ஒரே கரையில், ஒரே நாளில், ஒரே மீன் ஏன் வேறு வேறு விலைக்குப் போகிறது என்பது அவளுடைய ஆய்வு. ஒரு பருவம் முழுக்க விடியவே எழும்பிப் போய் நின்று ஏலத்தைப் பதிந்தாள். அதைக் கணினியில் போட்டுப் பார்த்த பேராசிரியை வசந்தினி, திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இந்த யாவாரி ஆர், நிவேதனா? இவ கேட்டால் ஒருத்தரும் மேலை கேக்கினமில்லை. கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கினம் எண்டால் எல்லாருக்குமெல்லோ லாபம் வரோணும்? இஞ்சை இவவுக்கு மட்டுந்தான் வருது. மற்றவை வேணுமெண்டு விட்டுக்குடுக்கினம்.”

அது தன் அம்மா என்பதை மறைத்துக்கொண்டு நிவேதனா கொப்பிகளை அள்ளினாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதே யோசனைதான். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். புருசனை இழந்தவள் மீன் அள்ளும் ஓலைக் கடகத்தோடு வந்து நின்ற முதல் நாள் ஒருவன் பேசாமல் இருந்திருப்பான், அடுத்தவனும் இருந்திருப்பான், அப்படியே பழகிப்போயிருக்கும். அந்த இரக்கத்தில்தான் தானும் சோறு தின்று வளர்ந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் சொல்லாமலே விட்டிருப்பாள். ஆனால் அம்மாவோ காணி உறுதியை வங்கியில் ஈடு வைத்து, கூலர் லொறி எடுத்து, மன்னாருக்குப் போய் மீன் வாங்கப் போகிறாள். திங்கட்கிழமை கையெழுத்து. மன்னாரில் இவளுக்காக வாயை மூட எவன் இருக்கிறான்? இருக்கிற ஒரே காணியும் போய்விடும்.

“என்ன பிள்ளை, உன்ரை ஆராய்ச்சி என்ன சொல்லுது?” என்று மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள் கேதீஸ்வரி.

நிவேதனா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“விசர்க்கதை கதையாதை.”

கேதீஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அப்ப எனக்குக் குறைஞ்ச காசு ஆற்றை காசு?”

“யாவாரியளுக்குக் கைக்காசு ஒண்டும் போகேல்லை அம்மா. படகுக்காரருக்குத்தான் குறைஞ்சது.”

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் நிவேதனாவும் கூட நிற்க, கரையில் விளைமீன் குவியலுக்கு, “ஆறாயிரம்” என்றாள் கேதீஸ்வரி. வழக்கம்போல ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏலம் கூறும் தியாகலிங்கம் முடித்துவிடப் போன நேரம், “ஏழாயிரம்” என்றாள் அவளே.

“தங்கச்சி, முதலும் நீதானே கேட்டனீ? ஒருத்தரும் மேலை கேக்கேல்லையே.”

“ஓம் அண்ணை, இப்பவும் நான்தான் கேக்கிறன். எட்டாயிரம்.” கொழும்புக்கு மீன் ஏற்றுகிற ஜெயதீபன் பக்கம் திரும்பினாள். “ஏன் தம்பி, உனக்கு மீன் வேண்டாமே? வெறும் லொறியே அனுப்பப்போறாய்?”

அவன் மணலைப் பார்த்தான். “நீங்கள் எடுங்கோ அக்கா.”

“எனக்காண்டி விடாதை. கேள்.”

நிவேதனாவுக்கு அழுகை முட்டியது. ஏன்தான் சொன்னோமோ என்றிருந்தது. ஜெயதீபன் நிமிர்ந்து, “எட்டரை” என்றான். கேதீஸ்வரி விடவில்லை. அவனும் விடவில்லை. இருவரும் மாறி மாறி ஏற்ற, படகுக்காரர்கள் கிட்ட வந்து நின்று பார்த்தார்கள். பதினோராயிரத்தில் கேதீஸ்வரி கையை விரித்தாள். மீன் அவனுக்குப் போயிற்று.

வெறுங்கடகத்தோடு வந்த தாயின் கையைப் பிடித்த நிவேதனா, “என்னாலைதானே அம்மா” என்றாள்.

“அழாதை. வங்கிக் கையெழுத்தைத் தள்ளிப்போடுவம். இன்னும் கொஞ்ச நாள் இப்பிடிக் கேட்டுப் பாக்கோணும்.” கேதீஸ்வரியின் முகம் சிவந்திருந்தது, ஆனால் அவள் சிரித்தாள். “இண்டைக்குத்தான் பிள்ளை, ஒருத்தன் என்னை யாவாரி எண்டு மதிச்சிருக்கிறான்.”