மல்லிக்கு ஏற்றிய சலைன்

படியேறும்போது முட்டி இரண்டும் கத்தின. இரண்டு கையிலும் வாளி இருந்ததால் சுவரைப் பிடிக்க வழியில்லை. தியாகு ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்துச் சேர்த்து ஏறினார். தெலுங்கு நாட்டில், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பட்டறைப் பக்கம் சம்மட்டி அடித்த உடம்பு. தோள் இன்னும் தாங்குகிறது. முட்டிதான் போய்விட்டது.

மாடிப் போர்ஷனில் சமையலறைக்கு வெளியே கொஞ்சம் திறந்த இடம். அதுதான் அவர் மனைவி கனகவல்லியின் தோட்டம். பெயிண்ட் வாளியில் தக்காளி, எண்ணெய் டின்னில் புளிச்சக்கீரை, உடைந்த வாஷிங் மெஷின் டிரம்மில் கறிவேப்பிலை, நடுவில் சிமென்ட் தொட்டியில் குண்டுமல்லி. அவளுக்கு இடுப்பு குனியாது. அதனால் தியாகு ஆங்கிள் இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து, தொட்டிகளுக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். “நின்னுகினே விவசாயம் பாக்கறது இந்த ஊர்ல நான் ஒருத்திதான்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கிட்னி. தியாகு காலையில் பஸ் பிடித்துப் போனால் இருட்டித்தான் வருவார். ஏப்ரல் வெயிலில் அதற்குள் தொட்டி மண் ஓடாய்க் காய்ந்துவிடும். டாக்டர் என்ன சொன்னார் என்று கனகவல்லி கேட்டதே இல்லை. “செடிங்க எப்டி கீது?” என்றுதான் கேட்பாள்.

வழியும் அவளே கண்டுபிடித்தாள். கையில் இறங்கிக்கொண்டிருந்த சலைன் பாட்டிலை அண்ணாந்து பார்த்தபடி சொன்னாள். “யோவ், இது சொட்டு சொட்டா எறங்குது பாரு. காலி பாட்டில எடுத்தும்போயி தொட்டி மேல கட்டித் தொங்கவுடு. நீ இங்க குந்திகினு இருந்தாலும் அதுங்களுக்குத் தண்ணி போவும்.”

காலி பாட்டிலை வெளியே விடக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. வார்டு நர்ஸ் ஸ்ரீஜா, தெலுங்குப் பெண், அதைக் கழுவிப் பழைய பேப்பரில் சுற்றி, “அங்கிள், எவரிக்கீ செப்பொத்து” என்று கொடுத்தாள். யாரிடமும் சொல்லாதீர்கள். அவள்தான் தினமும் கனகவல்லிக்குத் தலைவாரி விடுபவளும்.

“உனக்கு எங்க வூட்டு மல்லி ஒரு பதியன் தரேன்மா” என்று கனகவல்லி வாக்குக் கொடுத்தாள். பதியன் ஏற்கெனவே போட்டிருந்தது. மல்லியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்திருந்தாள். வேர் பிடித்ததும் தாய்ச் செடியிலிருந்து வெட்டிவிட வேண்டும். “நீ கை வெக்காத. நான் வந்துதான் வெட்டுவேன்” என்று புருஷனிடம் கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

சில நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு கனகவல்லியின் கால் வீங்கியது, முகம் வீங்கியது. உடம்பு தண்ணீரை வெளியே விடவில்லை என்று டாக்டர் சலைனைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். ஸ்ரீஜா மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டப் போனபோது தியாகு கையை நீட்டித் தடுத்தார்.

“நக்கோமா, கொட்டாத. அப்டியே குடு.”

அது உப்புத் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார். பட்டறையில் கோடைக்காலத்தில் உலைக்கு முன்னால் நிற்பவனுக்கு உப்புப் போட்ட தண்ணீர்தான் கொடுப்பார்கள். குடித்தவன் நின்றான். வேண்டாம் என்றவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயிலில் மயங்கும் உயிருக்கு உப்புத் தண்ணீர் என்பது வேலை செய்த காலமெல்லாம் கண்ணால் பார்த்தது. பாட்டிலை அப்படியே மல்லிக்கு மேல் தொங்கவிட்டார். அது தீர்ந்ததும் குழாய்த் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து நிரப்பினார். இலை ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்து இன்னும் ஒரு கை உப்பைச் சேர்த்தார்.

வார்டில் கனகவல்லி கேட்டாள். “மல்லி மொக்கு வுட்டிருக்குமே?”

“ஹவ், வுட்டிருக்கு. நெறய.”

“நாளைக்கு ரெண்டு பூ எடுத்தா. மோந்து பாக்கணும்.”

மறுநாள் செடியில் மொட்டும் இல்லை, இலையும் பாதிதான் இருந்தது. தியாகு பஸ் ஸ்டாப்பில் பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி, நாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, உதிரிப் பூவாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். கனகவல்லி மூக்கில் வைத்து வெகுநேரம் இழுத்தாள்.

“இது நம்ம பூ இல்ல.”

“நம்மதுதான்மே.”

“நார் வாசன அடிக்குது. கடப் பூ. செடிக்கு இன்னா ஆச்சு? சொல்லுய்யா. எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் ஆயிடாது.”

சொன்னார். பாதி பாட்டில், கல் உப்பு, பட்டறை, எல்லாம். அவள் வயிறு குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தாள்.

“செடி இன்னா உன்னாட்டம் சம்மட்டியா அடிக்குது, உப்புத் தண்ணி குடிக்க?”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

“பதியன்?” என்றாள் கனகவல்லி.

“அதுவுந்தான் வாடிகீது.”

சிரிப்பு நின்றது. சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். “சிக்கு நாறுற தலைய அந்தப் பொண்ணு தெனம் தொட்டு வாருது. இன்னாத்த குடுப்பேன் நான் அதுக்கு?” பிறகு சட்டென்று இவர் பக்கம் திரும்பினாள். “எழுந்து போ. இப்பவே போ. நல்ல தண்ணியா ஊத்து. மேல ஊத்தனா அடி ஓட்ட வழியா ஓடணும். உப்பு கரஞ்சி எறங்கிடும்.”

“உன்ன வுட்டுட்டா?”

“எங்கூட குந்திகினு இன்னா கிழிக்கப் போற? போய்யா. தெனந்தான் வர்ற.”

போனார். கீழே குழாய், மேலே தொட்டி. வாளி வாளியாகச் சுமந்தார். முட்டி இற்று விழும்போல இருந்தது. தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் முதலில் பழுப்பாக வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. இறங்கிப் போய் இன்னும் இரண்டு வாளி. மறுபடி நாக்கில் வைத்தார். உப்பு குறைந்தாற்போல் இருந்தது. அடுத்த நடைக்குப் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. வாளியைக் கீழே வைக்காமல் எடுக்க முடியாது. வைத்துவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி நம்பர். அவர் திருப்பிக் கூப்பிட்டார்.

ஸ்ரீஜாதான் பேசினாள். “அங்கிள்” என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மாதாப்பூரில் வேலை பார்க்கும் மகன் வினய் நர்சரியிலிருந்து ஒரு மல்லிச் செடி கொண்டுவந்தான். பிளாஸ்டிக் தொட்டியில் மொட்டும் பூவுமாக இருந்தது.

“டாடி, கொத்ததி தெச்சானு, புதுச் செடி. அந்த சிஸ்டர்க்கு இத குடுத்துடுங்க.”

“உங்கம்மா வெச்சது இல்லடா இது.”

“பிளான்ட் பிளான்ட்தானே டாடி?”

தியாகு புதுச் செடியை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி வைத்தார். அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறார், அதன் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சிமென்ட் தொட்டிக்கும் ஊற்றுகிறார். கீழே வழியும் தண்ணீரில் இப்போது உப்பே இல்லை. தினமும் மல்லித் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். உள்ளே பச்சை இல்லை, விறகு நிறம். வளைத்துப் புதைத்த கிளையின் மேல் அவள் வைத்த கல் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை. “நான் வந்துதான் வெட்டுவேன்” என்றிருந்தாள்.

நர்ஸ் ஸ்ரீஜாவுக்கு ஒரு குண்டுமல்லிப் பதியன் பாக்கி.