வேலிக்கு வெளியே யாரெலி

பகல் பன்னிரண்டு ஆகக் கால் மணி நேரம் இருந்தது. யாரெலி பள்ளிக்கூடக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பாடும் பிள்ளைகளோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவர்கள் கையைத் தூக்கினால் இவளும் தூக்கினாள். தலையைத் தொட்டால் இவளும் தொட்டாள்.

ஒதிலியா இதை இன்றுதான் பார்க்கிறாள். திராட்சைப் பட்டறையில் மெஷின் நின்றுபோய் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற நாட்களில் அவள் மகன் உலிசெஸை வகுப்பிலிருந்து அழைத்துப் போவது யாரெலியின் அம்மா கூக்காதான். கூக்கா விடியுமுன் சோளமாவில் தமால் அவித்து, தோட்டத்து ஓரங்களில் விற்று, வெயில் ஏறுவதற்குள் பானையைக் காலி செய்துவிடுவாள்.

"அட கோமாத்ரே! உங்களை வேலையவிட்டு விரட்டிட்டாங்களா?"

"மெஷின் மக்கர் பண்ணிடுச்சு."

"மெஷினுக்காச்சும் லீவு கெடைக்குது பாருங்க." கூக்கா சிரித்தாள். "இவளுக்கு எல்லாப் பாட்டும் தெரியும். உலிசெஸ்தான் வாத்தியாரு. இங்கிலீஷ்ல என்னைத் திட்டக்கூடக் கத்துக்கிட்டா."

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலத்தில் இருவரும் பேர் சொல்லி, வாடி போடி என்று பேசிக்கொண்டவர்கள். உலிசெஸின் ஞானஸ்நானத்தன்று கூக்காதான் ஞானத்தாயாக அவனை ஏந்தி நின்றாள். அன்றோடு பேர் போயிற்று. கோமாத்ரே, நீங்க என்று ஆயிற்று. பாதிரியாருக்கு முன்னால் ஏற்பட்ட உறவு. கூடப்பிறந்தவளிடம் பொய் சொன்னாலும் சொல்லலாம், கோமாத்ரேயிடம் சொல்லக் கூடாது.

ஒதிலியா சொல்லியிருந்தாள்.

ஜூன் மாதம் பள்ளியில் கூட்டம் நடந்தது. உலிசெஸுக்குக் காய்ச்சல். "நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். வந்து எனக்கும் சொல்லுங்க" என்று கூக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் இவெத் டீச்சர் ஸ்பானிஷிலேயே பேசினார். ஸ்பானிஷும் இங்கிலீஷும் சேர்ந்த வகுப்பு. கட்டணம் கிடையாது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கரண்ட் பில் போதும். பெற்றோருக்குக் குடியுரிமை உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை மட்டும் அழுத்தி இன்னொரு முறை சொன்னார். முடிக்கும்போது, இப்போதைக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம் என்றார்.

ஒதிலியா வீடு வரும்வரை அந்த ஓர் இடத்தை நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கூக்கா வாசலிலேயே கேட்டாள். "பேப்பர் கேப்பாங்களா?"

கூக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் இந்த நாட்டில் இருப்பதற்கான பேப்பர் கிடையாது. ஒதிலியாவுக்கும் கிடையாது.

"தெளிவாச் சொல்லல கோமாத்ரே. பேரு, விலாசம் எல்லாம் வாங்கறாங்க. அது எங்க போகுமோ. காலம் சரியில்ல."

கூக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "வேண்டவே வேண்டாம். எம் பொண்ணு வீட்டுலயே இருக்கட்டும்."

மறுநாள் ஒதிலியா உலிசெஸைச் சேர்த்தாள். கூக்கா கோபப்பட்டிருந்தால் தேவலை. "உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றாள். அன்றிலிருந்து அவள் சமையலறையில், குவாதலூபே மாதா படத்துக்கு முன்னால், ஒதிலியாவை யாரும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது என்று தினமும் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது.

பாட்டு முடிந்தது. யாரெலி தாகம் என்றாள். கூக்கா அவளைக் காருக்கு அழைத்துப் போனாள். கதவைத் திறந்த இவெத் டீச்சர் உலிசெஸை ஒதிலியாவிடம் ஒப்படைத்தார்.

"நல்லவேளை நீங்களே வந்தீங்க. ஒரு குடும்பம் ஆப்பிள் பறிக்க வடக்க போயிட்டாங்க. ஒரு இடம் காலி. வெளிய நின்னு பாடுதே, அந்தக் கொழந்த உங்க சொந்தமா?"

"சொந்தம்தான்."

"அவங்கம்மாகிட்ட நீங்க சொல்லுங்களேன். நான் கிட்டப் போனாலே கார்ல ஏறிக்கறாங்க." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "உங்க டிரெய்லர் காலனிலேருந்து பேர் குடுக்க வருவாங்கன்னு கோடை முழுக்கக் காத்துக்கிட்டிருந்தோம். வந்திருந்தா ரெண்டாவது வகுப்பே தெறந்திருப்பாங்க. ஒருத்தர்கூட வரல. ஏன்னே புரியல."

ஒதிலியா மகனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அதில் எடையே இல்லை.

கூக்காவின் சமையலறையில் வேகவைத்த சோளத்தின் மணம். மேசைக்கடியில் உலிசெஸ் வாத்தியாராகி யாரெலியை மிரட்டிக்கொண்டிருந்தான். மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கூக்கா தோர்த்தியாவைச் சுட்டு, பீன்ஸை வைத்துச் சுருட்டி நீட்டினாள்.

"சாப்பிடுங்க. மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? கூலியப் புடிச்சுக்குவாங்களா?"

நான் பொய் சொன்னேன். மூன்று வார்த்தைதான். காரில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல ஒரு இடம் காலியாயிருக்கு" என்றாள். "யாரெலிக்குத் தரேங்கறாங்க. பேப்பர் எதுவும் கேக்க மாட்டாங்களாம். சட்டத்த மாத்திட்டாங்களாம்."

கூக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "நெஜமாவா?"

"டீச்சரே சொன்னாங்க."

"மாதாவே!" கூக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. ஒதிலியாவுக்கு மூச்சு இலேசானது. இவ்வளவு சுலபமாக இலேசானதே என்று வெட்கமாகவும் இருந்தது.

கூக்கா போய் மெழுகுவர்த்தியை இரண்டு விரலால் அணைத்தாள். "இனி உங்களுக்கும் பயமில்ல." ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். "வாங்க, இப்பவே போவோம். எலோய்சா, நெரெய்தா, முனைவீட்டு இரட்டைக் கொழந்தைக்காரி, எல்லாருக்கும் சொல்லணும்."

"அவங்களுக்கு எதுக்கு?"

"நான்தானே அவங்களப் போகவிடாமத் தடுத்தேன்! நெரெய்தா கெளம்பியே போயிட்டா. பாதி வழியில நிறுத்திக் கூட்டியாந்தேன். எங்க கோமாத்ரே நேர்ல கேட்டுட்டு வந்து சொன்னாங்க, அவங்க வாயில பொய் வராதுன்னேன்." கூக்கா வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பினாள். "அந்த நெரெய்தா துருவித் துருவிக் கேப்பா. சட்டத்த எப்போ மாத்தினாங்கன்னு நான் சொல்லட்டும், கோமாத்ரே?"