இரண்டு ஸ்பூன் ரத்தம்

மருந்துத் தள்ளுவண்டியின் மேல் காபிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, என் மாமனார் ஹாஜி மித்கால் கைகளைக் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார். பெண் கேட்கப் போகிற இடத்திலும் கொலைக்குச் சமாதானம் பேசுகிற இடத்திலும் செய்வதை, தலைநகர் அம்மானில் ஒரு மருத்துவமனை அறை வாசலில் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கராக்கிலிருந்து வேன்களில் வந்திறங்கிய எங்கள் குலத்து ஆண்கள் கரை போட்ட அங்கிகளோடு நடைவழியை அடைத்து நின்றார்கள். என் உடம்பிலிருந்து தினமும் ஏதோ இறக்குகிறார்கள் என்று என் கணவர் ஹாயில் போனில் சொன்னதுதான் தாமதம், குலமே ரத்தம் கொடுக்கக் கிளம்பி வந்துவிட்டது.

இறக்குவது ரத்தத்தை அல்ல. ஒரு கையிலிருந்து என் ரத்தம் இயந்திரத்துக்குள் போகும். அதில் மஞ்சளான நீரை மட்டும் பிரித்துப் பையில் விட்டுவிட்டு, சிவப்பை வேறு நீரோடு கலந்து மறு கையில் திருப்பித் தரும். அந்த மஞ்சளுக்குள்தான் என் பிள்ளைகளைக் கொன்றது இருக்கிறது. ரத்த வகையில் எனக்கு நெகட்டிவ், ஹாயிலுக்கு பாசிட்டிவ். முதல் கரு கலைந்தபோது உடனே ஓர் ஊசி போட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஹாஜி வீட்டு மருமகளுக்குக் கரு தங்கவில்லை என்று ஊர் பேசக் கூடாதென்று, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டோடு முடித்துக்கொண்டோம். மானம் தப்பியது. அதன் பிறகு தங்கிய இரண்டையும் என் உடம்பு பகையாளி என்று கண்டுபிடித்து, வயிற்றுக்குள்ளேயே முடித்து வைத்தது. கல்யாணமான மறுநாளிலிருந்து ஊரே என்னை உம்மு மித்கால், மித்காலின் அம்மா, என்கிறது. பாட்டன் பெயர்தானே தலைப்பிள்ளைக்கு. இல்லாத பிள்ளைக்கு அம்மாவாக நான் ஏழு வருஷம் கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இந்த நாலாவது, ஊசி வழியாக வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்றிக்கொள்கிற அளவு வளர இன்னும் சில வாரம் வேண்டும். அதுவரை மஞ்சளை இறக்கி இறக்கி நாள் கடத்த வேண்டும். கடக்குமா என்பதுதான் கேள்வி.

ஹாஜி பேச ஆரம்பித்தார். பாலைவனத்தில் ஓடிய எங்கள் ரத்தத்தின் பழமை, அதில் கலப்பு சேராத பெருமை, கடைசிச் சொட்டுவரை கொடுப்போம் என்ற உறுதி. ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் ஹியாம், பக்கத்தில் ஸால்ட் என்ற ஊர்க்காரி. கிண்ணத்தின் மரியாதை தெரிந்தவள், அதனால் முடியும்வரை கேட்டாள்.

"காபி ஆறுது ஹாஜி, குடிங்க. இந்தப் பொண்ணு ஒடம்பு சண்டை போடுறதே உங்க வீட்டு ரத்தத்தோடதான். அதையே கொண்டாந்து ஏத்தச் சொல்றீங்க."

"தஃபீலாக்காரி சண்டைக்காரின்னு நான் அப்பவே சொன்னேன்" என்று என் பிறந்த ஊரை இழுத்து ஹாயிலின் சித்தப்பா மகன் முணுமுணுத்தான். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

கொண்டுவந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போவதைவிடக் கேவலம் இல்லை. டாக்டர் அதையும் புரிந்துகொண்டு, கீழே ரத்த வங்கியில் கொடுத்தால் முன்பின் தெரியாத யாராவது பிழைப்பார்கள் என்றாள். குலம் கீழே இறங்கியது. ஹாஜியை மட்டும் வயது தாண்டிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். அடையாள அட்டையில் வயதைப் பதிந்தவன் செய்த தப்பு என்று வாதாடிப் பார்த்திருக்கிறார். கௌரவம் குறையாமல் இருக்க விரலில் குத்தி ரத்த வகையாவது பார்க்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள்.

முடிவு வந்த சீட்டை அவள் சத்தமாகப் படித்தாள். ஓ நெகட்டிவ். நாள் வரும்போது குழந்தைக்கு ஏற்றத் தேவைப்படுகிற அதே வகை.

ஹாஜி வாசலிலேயே நின்றார். ஒரு சட்டைக்கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தது.

"அப்போ என் ரத்தமும் இவ ரத்தமும் ஒண்ணுங்கறியா?"

"அந்த ஒரு விஷயத்துல ஆமா, ஹாஜி. ரெண்டு பேரும் நெகட்டிவ்."

என் குடும்பத்தோடு சம்பந்தம் பேசியபோது "எங்க ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேற" என்று சொன்னவர். நான் திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் சிரித்தேன். கையில் குத்தியிருந்த ஊசி வலித்தது.

"சரி. கொழந்தைக்கு எவ்வளவு வேணும்?"

"மொதல் தடவைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் போதும். ஆனா உங்க வயசு, நீங்க சாப்பிடுற இதய மாத்திரை... உங்ககிட்ட எடுக்க முடியாது."

அவர் தன் கையைப் பார்த்தார். மேடைக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரெண்டு ஸ்பூன்கூடவா இந்த ஒடம்புல தேறாது, டாக்டரம்மா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் குழந்தையை என்னளவு வேண்டி நிற்கிற ஆள் இன்னொருவர் உண்டு என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

மஞ்சள் பை நிறைந்து இயந்திரம் நின்றதும் ஸ்கேன் வண்டியைத் தள்ளி வந்தார்கள். குழந்தையின் தலைக்குள் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். நீர்த்துப்போன ரத்தம்தான் ரொம்ப வேகமாக ஓடுமாம்; வேகம் என்றால் கெட்ட சேதி. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி டாக்டர் கருவியை அழுத்தினாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு, மலைச்சாலையில் ஏறுகிற பழைய பிக்கப் வண்டி போல ஒன்று மூச்சுவாங்க ஓடத் தொடங்கியது. வேகமா, நிதானமா, எனக்குப் பிடிபடவில்லை. டாக்டர் எண்ணைச் சொல்லாமல் இன்னொரு முறை அளந்தாள்.

நடைவழியில் குலம் திரும்பி வந்திருந்தது. ஜூஸ் டப்பாக்களை உறிஞ்சிக்கொண்டு, யாருக்குத் தலை சுற்றியது, யார் பை முதலில் நிறைந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையின் இடைவெளியில் ஹாஜி தெரிந்தார். மருமகள் படுத்திருக்கும் அறை என்பதால் எனக்கு முதுகைக் காட்டி, தலையை மட்டும் சத்தம் வந்த பக்கம் சாய்த்து நின்றார். சபையை அடக்குகிறவர் போல அவர் கையை உயர்த்த, ஆண்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். யாருடைய ஜூஸ் டப்பாவோ கடைசியாக ஒருமுறை உறிஞ்சி நின்றது. உயர்த்திய கையை அவர் இறக்கவில்லை. ஏற்றத்தில் அந்தப் பழைய பிக்கப் ஓடிக்கொண்டிருந்தது.