பன்னிரண்டு மடங்கு

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் வேலை. ஏறி இறங்குகிற அந்தப் பெட்டியைத் தாங்கும் இரும்புக் கயிறு, சுமக்க வேண்டிய எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு கணக்கு. பத்துப் பேருக்கான பெட்டி என்றால், நூற்றிருபது பேர் எடையைத் தொங்கவிட்டாலும் கயிறு அறக்கூடாது. நல்ல கணக்குதான், நான் குறை சொல்லவில்லை. செருப்பை வாசலில் விடுகிற மாதிரி அதையும் வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் சொன்னார், ஒரு வருஷத்துக்கு நமக்கு என்ன செலவோ அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு கையில் இருந்தால்தான் குடும்பம் அறுந்து விழாது என்று. அப்போது எங்களுக்கு ஒரு வாடகை அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அதில் ஒன்று ஆடும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பன்னிரண்டு வந்து சேர்ந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னார். இனி இந்த மனுஷன் கொஞ்சம் மூச்சு விடுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சொந்த வீடு கட்டியாயிற்று, மகள் படிக்கிறாள், விலைவாசி ஏறிவிட்டது, ஆகவே செலவும் கூடிவிட்டது. இப்போதைய செலவுக்குப் பார்த்தால் இது ஒன்பது மடங்குதான் என்றார். முகம் வெளுத்திருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை பன்னிரண்டைத் தொட்டார். இரண்டு தடவையும் அது கைக்கு வந்ததும் சுருங்கிப் போயிற்று.

இப்போது நாற்பது கட்டடங்களின் லிஃப்டுகளை அவர் ஆட்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பதினாறு மெக்கானிக்குகள். வாடகைக்கு விட்ட கடை இரண்டு. மகள் படித்து முடித்து வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள். நாங்கள் வசதியானவர்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாது. புது ஒப்பந்தம் கிடைத்தால்கூட அவருக்குப் பயம்தான். இவ்வளவு வந்தால் இவ்வளவும் போகுமே என்பார். அவர் ஆட்களே முதுகுக்குப் பின்னால் 'கயிறு சார்' என்றுதான் சொல்வார்கள். நான் நேராகவே சொல்வேன். "என்ன கயிறு, இன்னைக்கு எத்தனை மடங்கு?" என்று கேட்டால் உர்ரென்று பார்ப்பார். அவர் பயத்தை வைத்து நான் அடித்த கேலிக்கு அளவே இல்லை. அந்தப் பயம் என் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றலாம் என்று போனேன். கண் டாக்டர் எதையோ வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்றார். வலிக்காதாம், சிவக்காதாம், ஓசைப்படாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். தினமும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து, ஆயுசுக்கும். ஒரு குப்பி ஒரு மாதம். திறந்து ஒரு மாதமானால் மீதி இருந்தாலும் வீசிவிட வேண்டும்.

ஆயுசுக்கும் என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆயுசுக்கும் இந்த மருந்து கிடைக்குமா? செய்கிறவன் நிறுத்திவிட்டால்? கடைக்காரன் இல்லையென்று கையை விரித்துவிட்டால்? வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை, கையிருப்பு வைத்துக்கொள் என்றார். எத்தனை என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்க வேண்டியதில்லை.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் மேல் தட்டில் பன்னிரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினேன். அவர் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். "இப்பத்தான்டி நீ என் பொண்டாட்டி" என்றார் ஒரு நாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் சில மாதம் ஒழுங்காகத்தான் போட்டேன். குப்பி தீர்ந்ததும் வரிசையிலிருந்து ஒன்றை எடுப்பேன், அன்றைக்கே கடைக்குப் போய் ஒன்று வாங்கிப் பன்னிரண்டாக்குவேன். ஒரு தடவை கடைக்காரர், சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அந்த ஒரு வாரமும் தட்டில் பதினொன்று. கதவைத் திறந்தால் அந்தக் காலி இடம்தான் கண்ணில் படும். குழம்பை அடிப்பிடிக்க விட்டேன், மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். சரக்கு வந்து பன்னிரண்டு ஆனதும் முடிவு செய்தேன், இனி இதில் கைவைப்பதில்லை என்று.

கை வைக்காமல் இருக்க வேண்டுமானால் திறந்த குப்பி நீடிக்க வேண்டும், தீருகிற அன்றைக்குக் கடையில் சரக்கு இல்லையென்றால் வரிசையில்தானே கைபோகும். தினமும் போட்ட சொட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஒரு மாதக் குப்பி நான்கு மாதம், ஐந்து மாதம் வந்தது. தீர்ந்தால் கடையில் புதிதாக வாங்கியதையே நேராகப் பிரிப்பேன். கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிசோதனைக்கு வரச்சொல்லி டாக்டரின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். நான் போகவில்லை. போனால் மருந்தை மாற்றி எழுதினாலும் எழுதுவார், அப்புறம் என் பன்னிரண்டும் பாழ். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

போன வாரம் என் தங்கச்சி வந்திருந்தாள். டீ ஊற்றிக் கொடுத்தேன். கோப்பைக்குள் ஊற்றுவதாக நினைத்துப் பக்கத்தில் மேசை மேல் ஊற்றியிருக்கிறேன். கை தவறிவிட்டது என்றேன். அவள் துடைத்தாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அவள் வந்து என் சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள். தோளிலிருந்து முழங்கை வரை கன்றிப் போன காயங்கள், பழையதும் புதியதுமாக. அவள் கண்கொத்திப் பாம்பு, எதையும் விடமாட்டாள்.

மருந்து போடுகிறாயா என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். தீர்ந்துபோய் வாங்காமல் விட்டுவிட்டாயா என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வரிசையைக் காட்டினேன். "தீர்ந்துபோகுமா? பன்னிரண்டு இருக்குடி."

அவள் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் தேதியைப் படித்தாள். ஏழு காலாவதியாகியிருந்தது. ஒரு பெட்டிகூடப் பிரித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டு என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இருட்டான சின்ன அறையில் ஒரு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு கண்ணை மூடி, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் பரிசோதனை செய்யும் பெண். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும், எங்கே வெளிச்சம் மினுங்கினாலும் அமுக்க வேண்டும். முதலில் வலது கண். மினுங்க மினுங்க அமுக்கினேன், இடையிடையே சும்மா இருந்த மாதிரியும் இருந்தது. பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்துவிட்டாள். எதிரே சாம்பல் நிறமாகச் சும்மா கிடந்தது. நான் காத்திருந்தேன். கழுத்து வலித்தது. இந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள் போலிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா."

நான் கண்ணை அகல விரித்தேன். ஒன்றுமில்லை. விரல் தானாகப் பொத்தானை அமுக்க ஆரம்பித்தது. பார்த்து அல்ல, குருட்டாம்போக்கில், விடாமல். எத்தனை தடவை அமுக்கினால் கண் இருக்கிறது என்று எழுதுவார்களோ அத்தனை தடவை அமுக்கிவிட வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெண் என் கையின் மேல் தன் கையை வைத்தாள். "வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்கம்மா" என்றாள், மெதுவாக.

டாக்டர் காகிதத்தைக் காட்டினார். இடது கண்ணின் படம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. அது போனது போனதுதான் என்றார். வலது கண்ணிலும் ஓரம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது, அழுத்தம் மிக அதிகம், உடனே ஆபரேஷன் செய்தால் அதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். எப்போது மருந்து தீர்ந்தது என்று அவரும் கேட்டார். தங்கச்சிதான் சொன்னாள், தீரவில்லை, வீட்டில் பன்னிரண்டு இருக்கிறது என்று. அவர் எழுதுவதை நிறுத்தினார். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கிடையே என் வீட்டுக்காரர் வந்து கதவோரம் நின்றிருந்தார். ஏதோ கட்டடத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், கையெல்லாம் கிரீஸ். டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னார், எவ்வளவு செலவாகும் என்பதைக் கவுண்டரில் சொல்வார்கள் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் திரும்பி வெளியே போய்விட்டார்.

தங்கச்சி என்னை நடைக்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கப் போனாள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. இவ்வளவு பயம் நான் என் ஜென்மத்தில் பட்டதில்லை. மகள் அடுத்த மாதம் வருகிறேன் என்றிருந்தாள். அவள் முகம் கறுத்த காகிதத்துக்குள் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அவரோ எங்கேயோ மூலையில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்பார். ஒரு மாதம் தாங்குமா என்று கேட்பார். எனக்குத் தெரியாதா அவரை? வயிற்றெரிச்சல் தாங்காமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "போய்ட்டார் பாரு, கண்ணு போனாலும் பரவாயில்லன்னு போய்ட்டார்."

"இங்கதாம்மா இருக்கேன்" என்று இடது பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

கழுத்தை முழுக்கத் திருப்பிய பிறகுதான் தெரிந்தார். பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு. வந்து பத்து நிமிஷமாயிற்றாம். நான் திரும்பியே பார்க்காததால் கோபத்தில் இருக்கிறேன், பேச மாட்டேன் என்று நினைத்தாராம். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்த இடத்தில் கிரீஸ் அப்பியிருந்தது.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். பணம் கட்டியாச்சு" என்றார்.

அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எவ்வளவு?"

"பார்க்கல."

கடையில் சில்லறை சாமான் வாங்கினாலும் பில்லை இரண்டு தடவை படிக்காமல் நகராத மனுஷன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்க்காமல் எப்படிக் கட்டலாம், தப்பாகப் போட்டிருந்தால் யார் கேட்பது என்று பதறினேன். கோப்பைப் பிடுங்கி ரசீதை உருவி, வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். எழுத்துகள் கலங்கின, ஆனாலும் விடவில்லை.

பக்கத்தில் அவர் விம்மி அழுகிற சத்தம் கேட்டது. நான் மூன்றாவது வரியில் இருந்தேன்.