ஒட்டகப் படம் போட்ட பை

வேலாயுதம், கோவிந்தராசுவுக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து நானூற்று எண்பது வெள்ளி, அதாவது டாலர். வாங்கியது என்னவோ நாலாயிரம்தான். மீதியெல்லாம் வட்டி போட்ட குட்டி. வேலையிடத்தில் விழுந்திருந்தால் கம்பெனி ஏதாவது கொடுத்திருக்கும். அவன் விழுந்தது தேக்கா மார்க்கெட்டில், மீன்கடை ஈரத்தில். முழங்கால் உடைந்து வீட்டில் கிடந்த மாதங்களில் கை நீட்டி வாங்கிய கடன் அது.

கோவிந்தராசுவுக்கு ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் கடை. பயணப் பெட்டியும் கம்பளியும் விற்பதாகப் பேர். சுங்கத்துக்குத் தெரியாமல் துபாய்க்கும் சென்னைக்கும் சாமான் சுமந்து பறக்கும் ஆட்களைக் குருவி என்பார்களே, அந்தக் குருவிகளுக்குக் கூடு அந்தக் கடைதான். ஊரெல்லாம் அறிந்த சங்கதி. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"ரெண்டு மாசமா நான் காசு கேக்கவே இல்ல, கவனிச்சியா தம்பி?" என்றார் கோவிந்தராசு.

"அதான் அண்ணே பயமா இருக்கு."

அவர் சிரித்தார். தேநீர் வரவழைத்தார். "குடும்பத்தோட துபாய் போயிட்டு வா. டிக்கெட், ஹோட்டல், பாலைவனத்துல ஜீப்பு, ஒட்டகம், எல்லாம் என் செலவு. போகும்போது பிள்ளைங்களுக்கு நான் பை தரேன். துபாயில நம்ம ஆளு ஒரு ராத்திரி மட்டும் அத வாங்கி வெச்சிருந்து திருப்பித் தருவான். திரும்பும்போது சென்னையில எறங்கி, அந்தப் பைய மட்டும் நம்ம ஆள்கிட்ட குடுத்துடு. அவ்ளோதான் லா. கணக்கு முடிஞ்சுது."

"பையில என்னண்ணே இருக்கும்?"

"பிள்ளைங்க துணிமணி. வேற என்ன? சின்னப் பிள்ளைங்க பைய எவனும் கிளற மாட்டான்." தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உன் மக ரக்ஷனா நல்லா வளந்துட்டா. காலையில பஸ் ஸ்டாப்புல தனியாத்தான் நிக்கிறா போல."

வேலாயுதம் தேநீரைத் தொடாமலே எழுந்தான். மறுநாளே டிக்கெட் போடவென்று நாலு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

வீட்டில் என்ன சொல்வது? கோவிந்தராசு அண்ணன் கடைக் குலுக்கலில், லக்கி டிராவில், துபாய்ப் பயணம் விழுந்தது என்றான். மனைவி தமயந்தி ஒரு கணம் நம்பாமல் பார்த்தாள். பிறகு துள்ளிக் குதித்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவிக் கை வெளுத்தவளுக்கு பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஜொகூரைத் தாண்டி வெளியூரே தெரியாது. அன்று மாலைக்குள் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"அப்பா, டெசர்ட்ல நைட்டு செம கோல்டாம். ஜாக்கெட் வேணும்," என்றாள் ரக்ஷனா, கைப்பேசியிலிருந்து கண் எடுக்காமல். ஆறு வயது அகிலனுக்கு ஒட்டகம் துப்புமா, துப்பினால் நாற்றம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கவலை. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருந்தான், பாலைவன மண் எடுத்துவர. தமயந்தி முறுக்குக்கு மாவு அரைத்தாள். தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்ய என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டாள்.

"அந்த வெயில் பிள்ளைங்களுக்கு ஆகாது தமயந்தி. அடுத்த வருசம் பாப்போமே," என்றான் வேலாயுதம் ஒருநாள்.

"ஜூரோங் கப்பல் பட்டறையில இரும்போட இரும்பா வேகுற ஆளு வெயிலுக்குப் பயப்படுறீங்களா? ஓசியில வந்த ஒட்டகத்துக்குக்கூட கொடுப்பினை வேணும் போல!"

அவள் சிரித்தாள். அவள் ஒட்டகம் என்றபோதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது விமான நிலையத்து மேசை. சீருடைக்காரன் ஒருவன் அகிலனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பையை இழுக்கிறான். பிறகு சிரிப்பு நிற்கிறது. அதற்குமேல் நினைக்க முடியவில்லை. பட்டறையில் சாரத்தில் நிற்கும்போது கை தவறி ஸ்பேனர் கீழே விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. ஃபோர்மேன் திட்டிய திட்டு அவன் காதில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை கோவிந்தராசுவே வீடு தேடி வந்தார். தமயந்தி காப்பி கொடுத்து, அண்ணே அண்ணே என்று உருகினாள். அவர் இரண்டு பள்ளிப்பைகளை நீட்டினார். அகிலனின் பையில் சிரிக்கும் ஒட்டகப் படம். பையன் அதை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் ஓடினான்.

அவர் போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். அறையிலிருந்து அகிலன் கத்தினான். "அப்பா! இங்க வாங்களேன்! பைக்குள்ள சீக்ரெட் ரூம் இருக்கு!"

பையின் அடித்துணியைப் பெயர்த்து எடுத்திருந்தான். கீழே இன்னொரு அடி. நடுவே ஒரு கை நுழையும் அகலத்துக்கு இடம். அதில் தன் பொம்மைக் காரை ஒளித்துவைத்து, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று கைகொட்டினான். தமயந்தி பையை வாங்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே எல்லாம் எழுதியிருந்தது.

பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"தங்கம்னு நினைக்கிறேன். தங்கமா இருந்தாத் தேவலாம்."

"எம் புள்ள முதுகுலயா?" அவ்வளவுதான் கேட்டாள். அதற்குமேல் திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"போலீசுக்குப் போலாம்னா பாஸ்போர்ட்டு அவருகிட்ட இருக்கு. பாப்பா நிக்கிற பஸ் ஸ்டாப்பு அவருக்குத் தெரியும்."

தமயந்தி கையிலிருந்த நாலு தங்க வளையலையும் கழற்றினாள். "வாங்கினது நாலாயிரம்தானே? இத அடகு வெச்சு அதக் குடுப்போம். மீதிய நான் பேசிக்கிறேன். ஆமினாக்காவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அந்த அக்கா எதுக்கு?"

"பரிசு குடுத்த மனுசனுக்குத் தட்டு வெச்சு நன்றி சொல்ல வேணாமா? நாலு பேரு கூட இருந்தாத்தானே மரியாதை. பாப்பாவுக்கும் அதான் காவல்."

பக்கத்து வீட்டு ஆமினா பீவி பேசினால் கீழ்த்தளத்துக் காப்பிக்கடைக்குக் கேட்கும்.

ஞாயிறு மாலை. தேக்காவில் கால் வைக்க இடமில்லை. கோவிந்தராசு கடையிலும் சம்பளம் வாங்கிய தொழிலாளர்கள் பெட்டி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு வைத்த தட்டோடு தமயந்தி நுழைந்தாள். பின்னால் ஆமினா பீவி. ஒட்டகப் பையை மார்போடு அணைத்து, மகள் பையைத் தோளில் மாட்டியபடி வேலாயுதம்.

"லக்கி டிராவுல எங்களுக்கு துபாய் குடுத்தீங்கல்லண்ணே, அதுக்குத்தான்," என்று தட்டைக் கல்லாவில் வைத்தாள் தமயந்தி. கடை முழுக்கக் கேட்டது.

"லக்கி டிராவா?" என்றான் பேரம் பேசிய ஒருவன். "நான் போன வாரம்தான் ரெண்டு பெட்டி வாங்கினேன். எனக்குக் குலுக்கல் சீட்டே குடுக்கலையே!"

"எனக்குந்தான்!" ஆமினா பீவி குரலை உயர்த்தினார். "தீவாளித் தள்ளுபடியில கம்பளி வாங்கினனே! எப்பண்ணே குலுக்கினீங்க? யாரு சீட்டு எடுத்தது?"

ஆட்கள் நெருங்கினார்கள். வாசலில் போனவர்களும் நின்றார்கள். கோவிந்தராசு உதட்டில் சிரிப்பை ஒட்டிவைத்திருந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அந்த மனிதர் பயந்து வேலாயுதம் பார்த்ததே இல்லை. தன் முகம் இத்தனை நாளாக எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"ஆனா எங்களால போக முடியலண்ணே, பிள்ளைக்கு ஒடம்பு தாங்காது," என்றாள் தமயந்தி. "பையும் கொண்டாந்துட்டோம். பையன் சொல்றான், இந்தப் பைக்கு ரெண்டு…"

"சரிம்மா, சரி!" இரண்டு பைகளையும் பிடுங்கிக் கல்லாவுக்கு அடியில் தள்ளினார்.

வேலாயுதம் பணத்தை எடுத்துவைத்தான். "உங்ககிட்ட வாங்கின நாலாயிரம் அண்ணே. பாஸ்போர்ட்டு குடுத்துடுங்க."

"மீதி?" அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சீறினார்.

"என்ன மீதியாம்?" என்றார் ஆமினா பீவி, மாடிக்கெல்லாம் கேட்கும் குரலில். "லக்கி டிராவுக்கு மீதி உண்டா?"

யாரோ சிரித்தார்கள். ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்க ஆரம்பித்தான். கோவிந்தராசு அந்தக் கைப்பேசியைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து நாலு பாஸ்போர்ட்டையும் தட்டில், வெற்றிலைமேல் போட்டார்.

"மீதியெல்லாம் ஒண்ணும் இல்ல. தள்ளியாச்சு. நீ எனக்கு ஒரு காசு தர வேண்டியதில்ல, போப்பா," என்றார், எல்லாருக்கும் கேட்க.