தரை தொடாத சக்கரம்

வண்டி ஓட்டுவது அவள். வாய் ஓட்டுவது அவன். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பங்கீட்டில் சண்டை வந்ததில்லை. அவனிடமும் கனரக உரிமம் உண்டு. ஆனால் அவன் ஸ்டியரிங்கைத் தொட்டாலே லாரி அழும் என்பாள். உண்மை என்பதால் அவனும் மறுத்ததில்லை.

அன்று டைல்ஸ் பாரம். அவர்கள் லாரியின் பின் அச்சுகளில் ஒன்று தூக்கு அச்சு. வண்டி காலியாக இருந்தால் பொத்தானை அழுத்தி அதன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளலாம். தரை தொடாத சக்கரத்துக்குச் சுங்கச்சாவடியில் கட்டணம் கிடையாது. பாரம் இருந்தால் தூக்கக்கூடாது என்றது சட்டம். யாருக்குத் தெரியப்போகிறது என்றான் அவன், மனதுக்குள்.

சாவடி வரிசையில் அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்த சமயத்தில் கமுக்கமாகப் பொத்தானை அழுத்தினான். தடுப்புக் கட்டை உயர்ந்தது, கட்டணம் குறைந்தது. ஊரையே விலைக்கு வாங்கியவன் போலக் காலை நீட்டிக்கொண்டான்.

சாவடி தாண்டியதும் மறுபடி அழுத்தினான். அச்சு இறங்கவில்லை. இன்னொரு முறை. ம்ஹூம். காற்றுக் குழாயில் எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் சாலை சரியத் தொடங்கியது. சரிவின் அடியில் வாகனச் சோதனை. முன்பு எவனோ அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதில் அவள் உரிமத்தில் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை இருந்தது. இன்னொன்று விழுந்தால் உரிமத்தையே முடக்குவார்கள். ஊருக்கெல்லாம் கதை சொல்லும் அவன் வாயில் அப்போது கொழுக்கட்டை.

பாதிச் சரிவில் முன்னால் போன பள்ளி வேன் சட்டென்று நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள். லாரி, “யோசித்துச் சொல்கிறேன்” என்பதுபோல் நழுவிக்கொண்டே போனது. வேனின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த குட்டி முகங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அதில் ஒன்று கையசைத்தது. அவள் எழுந்து நின்றே மிதித்தாள். டயர் ஓலமிட்டது.

நின்றது. வேனுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். ஒன்றுமே நடக்காததுபோல் வேன் புறப்பட்டுப் போனது.

அவள் லாரியை மெல்ல ஓரங்கட்டி, கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். எல்லாச் சக்கரங்களும் பாரத்தில் பிதுங்கி நிற்க, இரண்டு மட்டும் பிரேக்குக்கு உதவாமல், மாமியார் வீட்டு மாப்பிள்ளைபோல் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கின.

“எப்ப தூக்கின மாமா?”

சொன்னான். அவள் திட்டவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. கீழே சோதனைக்காரரின் ஜீப் தெரிந்தது. இப்படியே போகலாம், இடம் மாறி உட்காரலாம், நானே ஓட்டியதாகச் சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினான்.

“நீ ஓட்டியிருந்தா இந்நேரம் நாம அந்த வேனுக்குள்ள இருந்திருப்போம்,” என்றாள். “இதுக்கு மேல ஒரு அடி நகர்த்த மாட்டேன்.” இறங்கிப் போய்க் கையைக் காட்டி அவரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் எடைச் சீட்டைக் கேட்கவில்லை. பாரத்தில் தட்டையாகிப் போன வில்பட்டைகளைப் பார்த்தார்; தொங்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அது கவலையே இல்லாமல் சுழன்றது. பொத்தானை அழுத்தியது தான்தான் என்று அவன் முந்திக்கொண்டு சொன்னான். அவர் தலையாட்டினார்.

“இருக்கலாம்பா. வண்டிக்குப் பொறுப்பு ஓட்டினவங்க. நீங்களாவே நிறுத்திக் கூப்பிட்டீங்கன்னு எழுதறேன்மா. உரிமத்தை வாங்காம விட முடியாது.”

கொடுத்தாள். திரும்ப எப்போது கிடைக்கும் என்று அவள் கேட்டதற்கு, மேலே இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அவன் அடியில் புகுந்து குழாயைக் கழற்றினான். காற்று சீறி வெளியேற, அச்சு இறங்கித் தரையில் ஊன்றியது. கிரீஸ் முகத்தோடு வெளியே வந்தபோது, ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. அவள் பக்கத்து இருக்கையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஏறி உட்கார்ந்தான். மன்னிப்பு, சத்தியம், ஒரு ஜோக் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

“முதல் கியர்லயே இறக்கு,” என்றாள் சாலையைப் பார்த்தபடி. “பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் காதுல வாங்காத.”

நிறையப் பேர் அடித்தார்கள். அவன் வாங்கவில்லை.